எட்டில் நிற்கும் ஊசி

…இறங்கிவிட்டதா, இல்லை கண்தான் அப்படிக் காட்டுகிறதா, எட்டுக்கு நேராகத்தானே நின்றது, இப்போது ஊசிக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு முடி அளவு வெள்ளை தெரிகிறதே, முடி அளவுகூட இல்லை, ஆனாலும் தெரிகிறது, தெரிந்து தொலைத்துவிட்டது, இனி தெரியாத மாதிரி இருக்க முடியாது… அவள் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து, கழுத்தை எக்கி, அழுத்தம் காட்டும் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் இப்போது கார் கிடையாது, மூலையில் கம்ப்ரசர் உட்கார்ந்திருக்கிறது, அதிலிருந்து கிளம்பி மூன்று சுவர்களையும் சுற்றி ஓடுகிறது செம்புக் குழாய், அவள் கையால் வெட்டி, அவள் கையால் பற்றவைத்த குழாய், இருபத்தாறு இணைப்புகள். கம்ப்ரசரை அணைத்து, அதன் வால்வை மூடி, குழாய்க்குள் காற்றை அடைத்துவைத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. கேஜின் கண்ணாடியில் ஊசிக்கு நேராக மார்க்கர் பேனாவால் கோடு போட்டவர் அவள் கணவர். ‘ஒரு மணி நேரம். ஊசி இந்தக் கோட்டுலயே நின்னா பட்டறை உன்னோடது, அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். இறங்கிடுச்சுன்னா இந்த மிஷினை யாருக்காவது கொடுத்துடலாம், சரியா?’ சரி என்று இவளும் தலையாட்டினாள், பெரிய வீராங்கனை மாதிரி.

இருபத்தாறில் எது? ஜன்னல் பக்கத்து வளைவா, அதில்தான் ஈயம் ஒரு பக்கமாக வழிந்தது, துடைத்துவிட்டு மறுபடி வைத்தாளே, அதுவா… இல்லை, தூணுக்குப் பின்னால் இருப்பது, கை நுழையாத இடம், கண்ணாடித் துண்டைப் பிடித்து அதில் பார்த்துக்கொண்டே பற்றவைத்தாள், இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரிந்து தலை சுற்றியது, அதுவாகத்தான் இருக்கும், அதேதான், பாவி. எழுந்து போய் சோப்புத் தண்ணீர் டம்ளரையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு முதல் இணைப்பிலிருந்து தொடங்கினாள். தடவு, பார், குமிழி இல்லை. தடவு, பார், இல்லை. வெளியே வாசலில் அண்ணனின் குரல் கேட்கிறது, கணவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். ஊரெல்லாம் குழாய் போடுகிறவன், முப்பது வருடமாக வீடு வீடாகத் தண்ணீர் ஓடவிட்டவன், அவன் தங்கை வீட்டுக் குழாயில் அவன் கை படவில்லை என்பதை அவனால் ஜீரணிக்க முடியவில்லை. போன மாதம் தானே போய் ஒரு கட்டு பிளாஸ்டிக் குழாயை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து இறக்கியவன். ‘பாப்பா, ஒரே நாள்ல முடிச்சுடலாம், பசை தடவி சொருகினா வேலை முடிஞ்சுது, நீ எதுக்கு நெருப்பு, ஈயம்னு அலையறே?’ நாற்பத்து நான்கு வயதிலும் அவனுக்கு இவள் பாப்பா. பத்தொன்பது வருடம் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில் ஸ்பிரே கன் பிடித்தவள், கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது போகமாட்டேன் என்று நின்றவள், பழைய ஸ்கூட்டர்களுக்கும் பீரோக்களுக்கும் வீட்டிலேயே வண்ணம் அடித்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவள், அவளைப் போய் பாப்பாவாம்.

‘பிளாஸ்டிக் வேண்டாம்ணா’ என்றாள் அன்றைக்கு. ‘ஏன்?’ ‘நல்லா இருக்காது.’ ‘நல்லா இருக்காதுன்னா?’ ‘பார்க்க அசிங்கமா இருக்கும்.’ எவ்வளவு கேவலமான பதில், சொல்லும்போதே தெரிந்தது, ஆனால் வேறு என்ன சொல்வது? அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். ‘மாப்பிள்ளை, கேட்டீங்களா, உங்க பொண்டாட்டி சுவருக்கு நகை போடப்போறா.’ குழாயின் மேல் அச்சடித்திருந்த எண்ணை விரலால் தட்டிக் காட்டினான். ‘இந்தா பாரு, பத்து வரைக்கும் அழுத்தம் தாங்கும்னு கம்பெனிக்காரனே எழுதியிருக்கான். உன் மிஷின் எட்டு. அப்புறம் என்ன?’ அது தண்ணீருக்கு எழுதினதுண்ணா, காற்று வேறு, தண்ணீர் வேறு, தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஒழுகும், காற்றுக் குழாய் உடைந்தால்… அத்தனையும் நாக்கு நுனியிலேயே நின்றுவிட்டது. கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவர், எதையும் நாலு தடவை துடைத்துப் பார்க்கிற மனிதர், ஒருமுறை இவள் விரலில் எண்ணெய் தெறித்ததற்கு ஒரு மாதம் அடுப்புப் பக்கமே விடாதவர். அவர் காதில் அது விழுந்தால் பிளாஸ்டிக் மட்டுமா போகும், கம்ப்ரசர், கன், ஷெட் எல்லாமே போகும். அதனால் அசிங்கமாக இருக்கும் என்று சொன்னாள், நகைப் பைத்தியம் என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டாள். ஜி.ஐ. இரும்புக் குழாயாவது போடலாமே என்று அண்ணன் ஒரு படி இறங்கிவந்தான், அதுவும் வேண்டாம், உள்ளே துருப் பிடிக்கும், துரு பொடிப்பொடியாகக் காற்றோடு வந்து பெயிண்டில் உட்காரும் என்றாள். இதை மட்டும் தைரியமாகச் சொல்ல முடிந்தது. உண்மையைச் சொல்லும்போது குரல் எவ்வளவு சுலபமாக வருகிறது.

பதினொன்றாவது இணைப்பு, குமிழி இல்லை. பன்னிரண்டு, இல்லை… கம்பெனியில் அந்த மதியம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள், அவ்வளவுதான். தாகம் எடுத்தது, போனாள். பாட்டிலைத் திறந்து வாயில் வைக்கும்போது பின்னால் ஒரு சத்தம், டயர் வெடித்த மாதிரி, அதைவிடக் கூர்மையாக. திரும்பிப் போனபோது அவள் நிற்கும் இடத்துக்கு மேலே போன பிளாஸ்டிக் காற்றுக் குழாயில் ஒரு முழ நீளத்தைக் காணோம். அது துண்டு துண்டாக ஷெட் முழுக்கக் கிடந்தது, ஒரு துண்டு, உள்ளங்கை அகலம், அவள் உட்காரும் மர நாற்காலியின் முதுகில் குத்திக்கொண்டு நின்றது. சரியாக முதுகு படும் இடம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஃபோர்மேன் அதைக் குறடால் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு ‘வெயில்ல காஞ்சு மொறுமொறுன்னு ஆயிடுச்சு’ என்றார், அப்பளத்தைச் சொல்கிற மாதிரி. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து ‘லைன்ல ரிப்பேர், சீக்கிரம் விட்டுட்டாங்க’ என்றாள். கணவர் காபி போட்டுக் கொடுத்தார். ஏழு வருடம். ஏழு வருடமாக அந்த நாற்காலியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, தன் முதுகுக்கே சொல்லாத மாதிரி வைத்திருக்கிறாள், படுக்கும்போது மட்டும் அது தானாக ஞாபகப்படுத்திக்கொள்கிறது.

தூணுக்குப் பின்னால் பிரஷ்ஷை நுழைத்துத் தடவினாள். கண்ணாடித் துண்டைப் பிடித்துப் பார்த்தாள். சோப்பு அப்படியே வழுக்கி வழிந்தது, ஒரு குமிழிகூட இல்லை, ஆஹா, பத்தரைமாற்றுத் தங்கம்டி நீ, உன்னைப் போய்ப் பாவி என்றேனே. இருபத்தாறும் முடிந்தது, ஒன்றுகூட மூச்சு விடவில்லை. அப்படியானால் ஊசி ஏன்… சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அட அசடே! சூடு! கம்ப்ரசர் இப்போதுதானே ஓடி நின்றது, உள்ளே போன காற்று கொதிக்கக் கொதிக்கப் போயிருக்கும், அது ஆறினால் சுருங்கும், சுருங்கினால் ஊசி ஒரு முடி இறங்கத்தான் செய்யும். கம்பெனியில் எத்தனை தடவை செய்த வேலை, காற்றை அடைத்து, இருபது நிமிடம் ஆறவிட்டு, அப்புறம்தான் கேஜைக் குறித்துக்கொள்வார்கள். இது தெரியாதவளா? தெரியும். ஆனால் வாசலில் அண்ணன் இளித்துக்கொண்டு நின்றான், ‘என்ன பாப்பா, ஆரம்பிக்கலாமா, இல்ல பயமா’ என்றான், உடனே ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது, போடுங்க கோட்டை என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். இப்போது போய்ச் சொன்னால் நொண்டிச் சாக்கு மாதிரி இருக்கும். சொல்லாமல் இருந்தால் ஒரு மணி நேரம் கழித்து அவரே பார்ப்பார், எதிர்ச் சுவரில் எறும்பளவு எழுத்தை வாசிக்கிற கண், முடி அளவு அவருக்கு விரல் அளவு. அப்புறம் சொன்னால் அது சாக்கே தான். இப்போது சொன்னால்… கால் தானாக வாசலுக்கு நடந்தது.

‘என்னங்க, ஒரு நிமிஷம் வாங்க. ஊசி கொஞ்சம் இறங்கியிருக்கு.’ அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ‘நான் சொல்லல?’ ‘லீக் இல்லண்ணா. இருபத்தாறையும் சோப்பு போட்டுப் பார்த்துட்டேன். காத்து சூடா இருந்தப்போ கோடு போட்டோம், ஆறினதும் சுருங்கிடுச்சு. ஆறவிட்டுத்தான் போட்டிருக்கணும், அவசரப்பட்டுட்டேன், என் தப்புதான்.’ ‘ஆரம்பிச்சுட்டாய்யா’ என்று அண்ணன் வானத்தைப் பார்த்தான். கணவர் உள்ளே வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கேஜுக்கு முன்னால் குனிந்து, எவ்வளவு நேரம் நின்றார், யுகமாக நின்றார். ‘கண்ணுல சொட்டு மருந்து விட்டா நாங்களும் இருபது நிமிஷம் உட்கார வெச்சுட்டுத்தான் பார்ப்போம்’ என்றார் கடைசியில், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. ‘உடனே பார்த்தா தப்பாத்தான் காட்டும்.’ மார்க்கர் பேனாவை எடுத்தார், பழைய கோட்டுக்குக் கீழே, ஊசிக்கு நேராக, இன்னும் மெல்லியதாக இரண்டாவது கோடு போட்டார். ‘இப்போ இருந்து ஒரு மணி நேரம். இனிமே சாக்கு கிடையாது.’ ‘கிடையாது’ என்றாள். அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது, அண்ணன் நிற்கிறானே என்று பிரஷ்ஷைக் கழுவப் போனாள்.

ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு நீளம்… சும்மா உட்கார்ந்து குழாயையே பார்த்தாள். கம்ப்ரசர் பக்கம் உயர்ந்தும் கடைசி மூலைப் பக்கம் தாழ்ந்தும் லேசான சரிவு, கண்ணுக்குத் தெரியாது, கோலிக்குண்டை உள்ளே போட்டால் தெரியும். அந்தச் சரிவுக்காக ஒரு ஞாயிறு முழுக்க மட்டக்கோலோடு மல்லுக்கட்டினாள். பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தது எதிர்வீட்டு ஃப்ரிட்ஜ் மெக்கானிக், இவளைவிடப் பத்து வயது சின்னவன், பேசிக்கொண்டே இருப்பான், ஊர் வம்பெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் இவள் இருபது துண்டு குழாயைக் கெடுத்து, இருபத்தொன்றாவதை ஒழுங்காக ஒட்டிவிட்டாள். ‘அக்கா, நெருப்பை ஈயத்துல காட்டாதீங்க, குழாய்ல காட்டுங்க, குழாய் சுட்டா ஈயம் தானா ஓடிவரும்’ என்றான், அப்படியே ஓடிவந்தது, அந்த வெள்ளி வளையம் இணைப்பைச் சுற்றி ஓடி மூடிய அந்த நொடி, அம்மாடி, முதல் தடவை சைக்கிள் விட்டபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

பெரிய குழாயிலிருந்து சின்னக் குழாய்கள் கீழே இறங்கும் மூன்று இடங்களைப் பார்த்துத்தான் அண்ணன் இன்னும் அதிகமாகச் சிரித்தான். தண்ணீர்க்காரன் அவன், குழாயின் அடிவயிற்றில் வாய் வைத்து நேராகக் கீழே இறக்குவான். அவள் மேல் பக்கமாக வாய் வைத்து, மேலே ஏற்றி, வளைத்து, அப்புறம் கீழே இறக்கினாள், கைத்தடியின் தலை மாதிரி. ‘என்ன பாப்பா இது, கீழே போறதுக்கு மேலே ஏறிப் போறே? நாலு எல்போ வளைவு தண்டம்.’ காற்றில் ஈரம் இருக்கும்ணா, குழாயில் போகும்போது அது ஆறித் தண்ணீராகி அடியில் ஓடும், அடியில் வாய் வைத்தால் அத்தனையும் நேராக என் ஸ்பிரே கன்னுக்கு வரும், ஒரு சொட்டு வந்தால் போதும், பெயிண்ட் மேல் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக விழும், மேலே இருந்து எடுத்தால் காற்று மட்டும்தான் ஏறி வரும், தண்ணீர் அடியிலேயே சரிவில் ஓடிக் கடைசி மூலைக்குப் போய்விடும், அங்கே ஒரு திருகு வைத்திருக்கிறேன், திறந்து கொட்டிவிடலாம். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னாள். ‘காத்துக்குள்ள தண்ணியா!’ என்றான் அவன். முப்பது வருடம் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளியே வேலை செய்தவனுக்குக் காற்றுக்குள் தண்ணீர் என்றால் நம்பிக்கை வருமா, பாவம்.

‘மணி ஆயிடுச்சு’ என்று கணவர் உள்ளே வந்தார், பின்னால் அண்ணன். அவளால் எழுந்திருக்க முடியவில்லை, கால் மரத்துப்போயிருந்தது, கடைசிப் பத்து நிமிடம் கேஜைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். இடது கண்ணை மூடிப் பார்த்தார், வலது கண்ணை மூடிப் பார்த்தார், ஐயோ மனுஷா, சொல்லித் தொலையேன். ‘கோட்டு மேலயே நிக்குது’ என்றார். ‘ஒரு இம்மி அசையல.’ ‘நல்லாப் பாருங்க மாப்பிள்ளை.’ ‘நீங்களே பாருங்க மச்சான், என் தொழிலே பார்க்கிறதுதானே.’ அண்ணன் பார்த்தான், கேஜை விரலால் ஒரு தட்டுத் தட்டினான், ஊசி நடுங்கித் திரும்ப அதே கோட்டில் வந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டும் ஒரே நேரத்தில். மரத்த காலோடு எழுந்து குதிக்கப் போய் டப்பாவைத் தட்டிவிட்டாள், அது உருண்டுபோய் சுவரில் மோதியது, மூவரும் சிரித்தார்கள்.

இன்னும் முடியவில்லை, பொறுங்கள், என்றாள், இப்போது யாரால் அவளைப் பிடிக்க முடியும்? கம்ப்ரசரை ஓடவிட்டாள், கீழே இறங்கும் முதல் குழாயில் ஹோஸைச் சொருகி, அழுத்தத்தைக் குறைத்து, அரைமணி நேரம் காற்றைச் சும்மா ஓடவிட்டாள், ஷெட்டே சீறியது. கடைசி மூலைக்குப் போய், ஒரு டம்ளரைப் பிடித்து, திருகைத் திறந்தாள். புஸ் என்று துப்பியது, அப்புறம் சளசளவென்று வந்தது, கால் டம்ளர் தண்ணீர், கலங்கலாக. டம்ளரை அண்ணன் கையில் கொடுத்தாள். அவன் அதை மோந்து பார்த்தான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், ‘அடேங்கப்பா’ என்றான். ‘இது எங்கேருந்து?’ ‘காத்துலேருந்துதான்.’ கணவரிடம் போய்க் கையை நீட்டினாள், ‘உங்க கண்ணாடியைக் குடுங்க.’ தயங்கிக் கொடுத்தார். ஹோஸின் முனைக்கு எதிரே கண்ணாடியைப் பிடித்துக் காற்றை அடித்தாள், ஒன்று, இரண்டு, மூன்று… பத்து. திருப்பிக் கொடுத்தாள். அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், சாய்த்து, நிமிர்த்திப் பார்த்தார். ஒரு புள்ளி ஈரம் இல்லை, ஒரு பொடி துரு இல்லை. மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார், புதிதாகக் கண்ணாடி வாங்கியவர்கள் முதல்முறை தெருவைப் பார்ப்பார்களாமே, அப்படிப் பார்த்தார். ‘பட்டறை உன்னோடது’ என்றார். ‘இனிமே வாய் திறக்க மாட்டேன்.’ உச்சி குளிர்ந்துவிட்டது. ஸ்டாண்டில் காத்துக்கொண்டிருக்கும் ஸ்கூட்டர் தகடுகள் அத்தனைக்கும் இப்போதே நீலம் அடிக்க வேண்டும், வானத்துக்கும் சேர்த்து அடிக்க வேண்டும்.

‘அசத்திட்டே பாப்பா’ என்றான் அண்ணன். மனசாரத்தான் சொன்னான், அவனிடம் அந்த நல்ல குணம் உண்டு, தோற்றால் தோற்றேன் என்பான். டம்ளரைக் கவனமாகக் கீழே வைத்துவிட்டு, மூலையில் சாய்த்திருந்த பிளாஸ்டிக் குழாய்க் கட்டைத் தோளில் தூக்கினான். ‘சரி, இது இனி உனக்கு எதுக்கு, நான் எடுத்துட்டுப் போறேன். அந்தத் திருப்பத்து டயர்க்கடையில இன்னும் ஒரு சுவர் பாக்கி.’ என்ன சுவர்ணா, என்றாள், சிரிப்பு இன்னும் வாயில் இருந்தது. ‘காத்து லைன்தான். போன மாசம் உனக்குன்னு வாங்கினேன்ல, நீ வேண்டாம்னதும் அங்கே பாதி போட்டுட்டேன். நல்லாத்தான் ஓடுது, ஒரு சொட்டு லீக் இல்ல. செம்பு அளவுக்கு அழகா இல்ல, அவ்வளவுதானே? கடைக்காரர் வாசல்ல அதுக்கு நேர் கீழதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கார், வெயிலு வாசல் வரைக்கும் வருதுன்னு ஒரே புலம்பல்.’

வாசல் வரைக்கும் வெயில்… குழாய் மேல் வெயில். அழகா இல்லை, அவ்வளவுதானே. அவ்வளவுதான் என்று அவனுக்குச் சொன்னது யார், இவள்தானே, இந்த வாய்தானே, அசிங்கமா இருக்கும் என்று சொன்ன வாய். அந்த மதியத்தைத் தன் வீட்டுக்குள் பூட்டிவைத்திருப்பதாக அல்லவா நினைத்தாள், ஏழு வருடமாக, யாருக்கு என்ன நஷ்டம் என்று. அது பாட்டுக்கு வெளியே போய் ஒரு மனிதரின் தலைக்கு மேல் நீளமாகப் படுத்திருக்கிறது, அண்ணன் தோளில் ஏறிக்கொண்டு மிச்சமும் போகிறது. நாளைக்கு அண்ணனைத் தனியாகப் பார்த்துச் சொல்லலாமா… நாளைக்கா, கடைக்காரர் இன்றைக்கு உட்காரமாட்டாரா? அந்தக் குழாய்க்கு நேர் கீழே, ஏணி மேல், இவனே இன்று சாயங்காலம் நிற்பான். கணவர் கேஜ் பக்கத்தில் நின்று, பழைய கோட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார், இரண்டாவது கோட்டை மட்டும் விட்டுவிட்டு, இவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. அவ்வளவு சந்தோஷமான முகத்தை அவரிடம் பார்த்து எத்தனை நாளாயிற்று. வாய் திறக்கமாட்டேன் என்றாரே, இதைக் கேட்ட பிறகுமா?

‘அண்ணா, அதைக் கீழே வை’ என்றாள். குரல் சுலபமாக வந்தது. ‘ரெண்டு பேரும் உட்காருங்க. நான் சொன்னது பொய். அசிங்கமா இருக்கும்னு சொன்னேனே, அது பொய்.’ அண்ணன் தோளில் கட்டோடு அப்படியே திரும்பினான். கணவரின் கை கேஜின் மேல் நின்றது. நாளைக்கு இந்தக் கன் தன் கையில் இருக்குமா இருக்காதா, அவளுக்குத் தெரியவில்லை. உருண்டுபோன டப்பாவை எடுத்துக் கவிழ்த்து, அவர் உட்காரட்டும் என்று தள்ளி வைத்துவிட்டு, அந்த மதியம் தாகம் எடுத்ததிலிருந்து தொடங்கினாள்.